அப்பா கிரேனிலிருந்து இறங்கிய வாரம்

ஆவடியில் நாங்கள் இருக்கும் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எல்லா பிளாக்கும் ஒரே மாதிரி இருக்கும். அதே மஞ்சள் சுவர், அதே பச்சைக் கதவு, படிக்கட்டுக்குக் கீழே அதே சைக்கிள் வரிசை. புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு முறையாவது பக்கத்து பிளாக்கில் ஏறி, தங்கள் வீட்டு எண் போட்ட கதவைத் தட்டிவிட்டு அசடு வழிய இறங்கி வருவார்கள். அதனால், பால் வாங்கப் போன அப்பா பக்கத்து பிளாக் வீட்டுப் பூட்டில் எங்கள் சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டபோது எல்லோரும் சிரித்தோம். அவர் இருபத்தாறு வருடமாக இதே வீட்டில் இருப்பவர் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாவது முறை அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்ததும், "என் ஊட்ல நீ யாரும்மா?" என்று அப்பா கேட்டிருக்கிறார். அப்பா வேடிக்கை செய்கிறார் என்றே நினைத்து அந்த அம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது முறை நானே போய்க் கூட்டிவந்தேன். படியிறங்கும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "பெயின்ட் அடிச்சதுலேர்ந்து ஒண்ணும் அடையாளம் தெர்ல" என்றார். பெயின்ட் அடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் நான் படிப்பதே அதைப் பற்றித்தான். பூந்தமல்லி பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அல்சைமர் என்னும் மறதி நோயில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்ன பங்கு என்பது என் தலைப்பு. தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. அப்பா ஐந்தாவது வரை படித்தவர். அம்மா கையெழுத்து மட்டும் போடுவார்.

குவார்ட்டர்ஸில் நான் படிப்பதை 'டாக்டர் படிப்பு' என்பார்கள். ஆரம்பத்தில், "இது வேற டாக்டர் ஆன்ட்டி, ஊசி போடற டாக்டர் இல்ல" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அதில் எது எவ்வளவு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்; சொல்வேன். கேட்டுவிட்டு, "பெரிய டாக்டர் சொன்னதும் இதான்பா" என்பார்கள். கொஞ்ச நாளில் விளக்குவதை விட்டுவிட்டேன். அப்பாவோடு நடந்து போகும்போது யாராவது "இன்னா டாக்டரே" என்று கூப்பிட்டால், அப்பாவின் நடை ஒரு நொடி மாறும். அதற்காகவே விட்டேன் என்று சொல்லலாம். எனக்கும் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாமா என்று நான் மெதுவாகப் பேச்செடுத்தபோது அம்மா தடுத்தார். "ஊட்லயே டாக்டர் இருக்கும்போது எதுக்கு வெளிய போய் அசிங்கப்படணும்? ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பதினோரு மாசம்தான் கீது. ஃபேக்டரியில தெரிஞ்சா இன்னா ஆவும்? நீயே எதுனா குடுடா."

நான் கொடுத்தேன்.

என்ன நினைத்துக் கொடுத்தேன் என்பதை அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதுகிறேன். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. நாம் சாப்பிடுவதை எரித்து அதுதான் சக்தியாக மாற்றுகிறது. மற்ற உறுப்புகளைவிட மூளைக்கு அந்தச் சக்தி மிக அதிகமாக வேண்டும். எரிக்கும்போது கொஞ்சம் ஆக்சிஜன் கெட்டுப்போய், தொட்டதையெல்லாம் அரிக்கும் பொருளாக வெளியே கசியும். இளம் வயதில் செல்லே அதைத் துடைத்துவிடும். வயதாக ஆகக் கசிவு கூடும், துடைப்பது குறையும். கசிந்தது முதலில் அரிப்பது அந்த மைட்டோகாண்ட்ரியாவையே. அது பழுதானால் இன்னும் கசியும். இந்த அரிப்பைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். மறதி நோயில் மூளையில் படியும் புரதம் இதை இன்னும் மோசமாக்குகிறது. புரதம் முதலில் வந்ததா, மைட்டோகாண்ட்ரியா பழுதானது முதலா என்று எங்கள் துறையில் இன்னும் சண்டை ஓயவில்லை.

"பவர் ஹவுஸ் படுத்துக்கிச்சுன்னா ஃபேக்டரியில ஷாப் மொத்தமும் நின்னுடும். அதான?" என்றார் அப்பா.

"அதேதான்ப்பா."

செல்போனில் படம் காட்டினேன். ஆய்வகத்தில் தட்டில் வளர்க்கும் நரம்புச் செல்களுக்கு ஒரு சாயம் போடுவோம். மைட்டோகாண்ட்ரியா நன்றாக இருந்தால் மைக்ராஸ்கோப்பில் ஆரஞ்சாக மின்னும்; சோர்ந்துவிட்டால் பச்சையாகிவிடும். அரிக்கும் திரவத்தை ஊற்றினால் அரை மணியில் தட்டு முழுக்கப் பச்சை. அதற்கு முன்பே வைட்டமின் ஈ கொடுத்த தட்டில் ஆரஞ்சு அப்படியே நின்றது. அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன்.

"எங்க ஷாப்ல பச்சைன்னா போலாம். உங்க ஷாப்ல பச்சைன்னா போய்ட்டான்" என்று அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு பழைய அப்பாவின் சிரிப்பாக இருந்ததால் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் வைட்டமின் ஈ மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரியில் ஒன்று. அதோடு நெல்லிக்காய்ச் சாறு. தட்டில் வேலை செய்தது மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்த கட்டுரைகளையும் நான் படித்திருந்தேன். அடிக்கோடு போட்டே படித்திருந்தேன். அப்பாவுக்கு அதைச் சொல்லவில்லை. நான்கு மாதம் இப்படிப் போனது. இதற்கிடையில் அவரை ஒரு நரம்பியல் மருத்துவர்கூடப் பார்க்கவில்லை.

அப்பா என்ன வேலை செய்கிறார் என்று சொன்னால்தான் நான் செய்த தப்பின் எடை தெரியும். அவர் கிரேன் ஆபரேட்டர். ஷாப் என்று அவர்கள் சொல்லும் தொழிற்கூடத்தில், கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடும் கிரேன். சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணியில் ஏறி, கூண்டுக்குள் உட்கார்ந்து, டன் கணக்கான இரும்பைத் தூக்கி ஆட்களின் தலைக்கு மேலே நகர்த்த வேண்டும். கீழே இருக்கும் சத்தத்தில் பேச்சு கேட்காது. சிக்னல்மேன் ஒருவர் தரையில் நின்று கை காட்டுவார். ஏற்று, இறக்கு, நகர்த்து, நிறுத்து. மேலே இருப்பவருக்கு அந்தக் கைதான் எல்லாம்.

அப்பாவுக்குப் பதினைந்து வருடமாகக் கை காட்டுபவர் பட்டாபிராம்காரர். அப்பாவை 'அண்ணாத்தே' என்பார். அப்பா அவரை 'மச்சான்' என்பதால் எனக்கு அவர் மாமா.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே பூசணிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன். மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வழக்கமான கிண்டல் இல்லை. என்னைக் கூட்டத்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போனார்.

"நைனா, நெஜத்த சொல்லு. நீ குடுக்கற மருந்து வேலை செய்யுதா?"

"ஏன் மாமா?"

"போன வாரம் ஒரு பெரிய இரும்பு பிளேட் கொக்கியில தொங்கிகினு கீது. கீழ ரெண்டு பசங்க. நான் நிறுத்துன்னு கை காட்டறேன். நிக்கல. ரெண்டு கையும் காட்டறேன். உங்க அப்பன் என்னியேதான் பாத்துகினு கீறாரு. என் கைய பாக்குறாரு நைனா. ஆனா நான் இன்னா சொல்றேன்னு அவருக்குத் தெர்ல. அந்த மூஞ்சிய பாத்தேன், குலை நடுங்கிப்போச்சு. ஓடிப்போய் பசங்கள இழுத்தேன். அப்பால தானா நிறுத்திட்டாரு. கீழ எறங்கி, இன்னா மச்சான் டான்ஸ் ஆடுறன்னு கேக்கறாரு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எப்படிச் சொல்வேன்? ஏழு மாசத்துல போப்போறாரு. எம் புள்ள மருந்து குடுக்கறான், சரியாப் பூடும்னு அவருதான் சொன்னாரு. டாக்டரே குடுக்கறான்னா சரியாத்தான பூடும்? அதான் வாய மூடிகினு இருந்தேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நாளைக்கு சீனியர்னு அவரத்தான் ஏத்தறாங்க. பொம்பளைங்க, புள்ளைங்கல்லாம் வருவாங்க" என்றார்.

ஆயுத பூஜை அன்று மட்டும் ஊழியர்களின் குடும்பங்களை ஷாப்புக்குள் விடுவார்கள். செல்போனை கேட்டில் கொடுத்துவிட்டு, பாஸைக் காட்டிவிட்டு உள்ளே போகலாம். பூஜை முடிந்ததும் மூத்த ஆபரேட்டர் ஏறி, மாலை போட்ட ஓர் இரும்பு உத்திரத்தைத் தூக்கி, ஷாப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கொண்டுபோய் இறக்குவார். இரண்டு பக்கமும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் குடும்பங்கள் நின்று கைதட்டும். சின்ன வயதில் நானும் தட்டியிருக்கிறேன். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் ஒழுங்காக நின்றதில்லை.

காலையில் அப்பா புதுச்சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து அழகாக வாரியிருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அம்மா சைக்கிளுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார். "இன்னிக்கு என் ஊட்டுக்காரர்தான் மொத ஆளு" என்று எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. கேட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். கேட்டில் அப்பா காவலாளியிடம் என்னைக் காட்டி, "எம் புள்ள, டாக்டரு" என்றார்.

ஷாப்புக்குள் சாம்பிராணிப் புகையும் கிரீஸ் வாடையும் கலந்திருந்தன. லேத்து மிஷின்களுக்கெல்லாம் பொட்டு. கொக்கியில் சாமந்தி மாலை. உத்திரத்தைச் சங்கிலியில் மாட்டிவிட்டார்கள். பொரி வாங்க வரிசையில் நின்ற பிள்ளைகள் பூசணிக்காய் உடைப்பதைப் பார்க்க ஓடினார்கள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியைத் தொட்டுக் கும்பிட்டார். மாமா கை காட்டும் இடத்துக்குப் போகாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா முதல் படியில் கால் வைத்தார்.

நான் ஃபோர்மேனிடம் போனேன். கும்பகோணம் பக்கத்துக்காரர், கழுத்தில் துண்டோடு எல்லோருக்கும் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், அப்பாவை இன்னிக்கு ஏத்தாதீங்க."

"வாங்க டாக்டர் தம்பி. ஏன், ஜுரமா?"

"இல்ல சார். மறதி இருக்கு. கை சிக்னல் புரியாம போயிடுது."

அவர் கை சுண்டல் பாத்திரத்திலேயே நின்றது. சிரிப்புப் போய்விட்டது. "நல்ல நாளும் அதுவுமா என்ன பேசறீங்க? சரி, நீங்க டாக்டர். என்ன நோய்னு சொல்லுங்க, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. நிறுத்திடறேன்."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் வீட்டு ஆன்ட்டி, சர்க்கரை ரிப்போர்ட் காட்டியவர்கள், அம்மா. நான் நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். அந்தப் பெயர் வாயில் வந்தும்விட்டது. ஆனால் அது நோய் என்று தெரிந்து சொல்ல என்னிடம் ஒரு பரிசோதனையும் இல்லை. நான்கு மாதமாகச் செய்துகொண்டிருந்ததை மறுபடியும் செய்கிறேன் என்று புரிந்தது.

"நான் டாக்டர் இல்ல சார். நான் தட்டுல வளர்ற செல்லைத்தான் பார்த்திருக்கேன். அப்பாவை எந்த டாக்டரும் இதுவரைக்கும் பார்க்கல. நான்தான் கூட்டிட்டுப் போகாம வச்சிருந்தேன்."

"டாக்டர் இல்லன்னா எதை வச்சு நான் நிறுத்தறது?"

அப்போது அப்பா ஐந்தாறு படி ஏறியிருந்தார். அங்கிருந்தே கேட்டார். "இன்னாடா சொல்ற அங்க?"

மாமா ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "பையன் சொல்றது நெஜம் சார். போன வாரம் பிளேட் தூக்கும்போது ஆச்சு. நான் சொல்லாம மறைச்சுட்டேன். எழுதறதுன்னா என்னியும் சேத்து எழுதுங்க."

"மச்சான்" என்றார் அப்பா, ஏணியில் இருந்தபடியே. "நீ சொல்லு. நான் உன் கைய பாக்காம இருந்தனா?"

"பாத்த அண்ணாத்தே. பாத்துகினுதான் இருந்த."

அப்பா மேலே கூண்டைப் பார்த்தார். இறங்கிவிடுவாரா, கோபத்தில் ஏறிவிடுவாரா என்று தெரியவில்லை. ஏறினால் யாராலும் பிடித்து இழுக்க முடியாது. கீழே ஏதோ ஒரு பிள்ளை பொரிக்கு அழுதுகொண்டிருந்தது. அப்பா ஒரு கையை ஏணியிலிருந்து எடுத்தார். பிறகு ஒவ்வொரு படியாக இறங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே நடந்தார். அம்மா பின்னால் ஓடினார். இன்னொரு ஆபரேட்டர் ஏறி உத்திரத்தைத் தூக்கினார். கைதட்டல் கேட்டதா என்று நினைவில்லை.

ஃபோர்மேன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நான் எழுதினா மெடிக்கல் போர்டுக்குப் போயிடும். தகுதியில்லைன்னு முத்திரை குத்தி அனுப்பிடுவாங்க. அவரே வந்து, எனக்கு முடியல, கீழ வேலை கொடுங்கன்னு கேட்டா, டூல்ஸ் ரூம்ல உட்கார வச்சு மரியாதையா ரிட்டயர் ஆக வைப்பேன். நாளைக்கு லீவு. மறுநாள் காலையில சங்கு ஊதறதுக்குள்ள அவர் வந்து சொல்லணும். இல்லன்னா நான் எழுதித்தான் ஆகணும் தம்பி. ஏணியில கால் வைக்க விடமாட்டேன்."

வீட்டில் அதையும், கொக்கிக்குக் கீழே இரண்டு பசங்கள் இருந்ததாக மாமா சொன்னதையும் அப்படியே சொன்னேன். அப்பா புதுச்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தினார். தட்டை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

விஜயதசமி அன்று மத்தியானம் அப்பா கட்டிலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"உன் தட்டுல அந்த மாத்திரை வேலை செஞ்சுதா இல்லியா?"

"செஞ்சுதுப்பா."

"எனக்கு?"

"தட்டுல செல் சாகறதுக்கு முன்னாடியே குடுத்தேன். மனுஷங்களுக்கு நோய் வெளிய தெரியறப்ப உள்ள வருஷக்கணக்கா அரிச்சிருக்கும். அப்புறம் குடுத்தா திரும்புதுன்னு யாரும் காட்டல. எனக்கு அது தெரியும்ப்பா. தெரிஞ்சும் சொல்லல."

"ஏன்?"

"அம்மா கேட்டதும் ஏதாவது குடுக்கணும்னு இருந்துச்சு. வேற எதுவும் எங்கிட்ட இல்ல."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். "ரெண்டு பசங்கன்னு மச்சான் சொன்னானே. எந்தப் பசங்க?"

மாமா என்னிடம் சொல்லியிருந்த பெயர்களைச் சொன்னேன். அவருக்கு இருவரையும் நினைவிருந்தது. ஒருவனுக்குப் போன தையில்தான் கல்யாணம் ஆனது, கல்யாணத்துக்குத் திருமுல்லைவாயில் மண்டபத்துக்குப் போயிருந்தோம் என்றார்.

மறுநாள் காலை வழக்கம்போல் டிபன் பாக்ஸை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். கூட வருகிறேன் என்றேன். "எனக்கு வழி தெரியும்" என்றார். எந்த முடிவோடு போகிறார் என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃபேக்டரிக்குள் செல்போன் கிடையாது. நான் பூந்தமல்லி பஸ்ஸில் ஏறினேன். ஆய்வகத்தில் செல் தட்டுகளுக்கு மாற்ற வேண்டிய திரவத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதும் நேரம் வந்தது, போனது. நான்கு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்று எனக்குத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வந்து மாமா போன் செய்தார்.

"ஏறல நைனா. காலைல ஃபோர்மேன் வர்றதுக்கு முன்னாடியே போய் அவர் ரூம் வாசல்ல நின்னுகினு இருந்தாரு. எனக்குக் கை தெரியுது சார், அது இன்னா சொல்லுதுன்னுதான் சில நேரம் தெர்ல, என்னை எறக்கி உட்டுடுங்கன்னு அவரே சொன்னாரு. டூல்ஸ் ரூம் குடுத்துட்டாங்க. எனக்கு மெமோ உண்டு. அத வுடு. நீ சீக்கிரம் ஒரு நெஜ டாக்டராண்ட கூட்டிகினு போ."

அந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் சீட்டு வாங்கினேன். என் நோட்டில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி எடுத்துப்போயிருந்தேன். எப்போது முதல் தடவை, எப்போது மூன்றாவது, என்ன மாத்திரை, எத்தனை நாள். மருத்துவர் இளம் பெண். அப்பாவைப் பார்த்து, "என்ன பண்ணுது, சொல்லுங்கய்யா" என்றார். நான் நோட்டைத் திறந்து, "மேடம், எட்டு மாசமா" என்று ஆரம்பித்தேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நான் சொல்றேன். எனக்கு மறந்துபோறத நானே சொல்லிக்கறேன். மறந்துட்டா உன்னக் கூப்புடறேன். நீ வெளிய இரு."

மருத்துவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நோட்டை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அப்பா பேசுவது கேட்டது, வார்த்தைகள் கேட்கவில்லை. வெகு நேரம் அவர் பேசிக்கொண்டே இருந்தார். என்னைக் கூப்பிடவில்லை.